பதின்மூன்று மார்க்கு

சாரம், புதுச்சேரி
1959 டிசம்பர் 6

கலியமூர்த்திக்கு ஆயா எழுதுவது.

உன் கடுதாசி வெள்ளிக்கிழமை வந்தது. உங்கப்பன் பக்கிரி மில்லுக்குப் போயிருந்தான். நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்தி நூல் சுற்ற அனுப்பிவிட்டார்கள், ஆனாலும் பேரன் எழுதியதைப் படிக்க நான் ஆள் தேட வேண்டியதில்லை. இருபதுக்குப் பதின்மூன்று வாங்கினேன் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை மட்டும் மறுபடி மறுபடி படித்தேன்.

பதின்மூன்று என்றால் என்னவென்று இந்த ஊரில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பத்து எடுத்தால் பாஸ். பன்னிரண்டு எடுத்தவனுக்கு வாத்தியார் கை கொடுப்பார். பதினைந்துக்கு மேல் போட்டால் வாத்தியாருக்கே வேலை போய்விடும் என்று நீ சொல்லிச் சிரிப்பாய். அங்கேயே பதின்மூன்று பெரிசு. நீ அமெரிக்காவில், காலேஜ் முடித்தவர்கள் படிக்கிற மேல்படிப்பில் வாங்கியிருக்கிறாய்.

கேசரி கிளறித் தெரு முழுக்கக் கொடுத்தேன். எதிர் வீட்டுக்கும் போனேன். செல்வாம்பாள் உங்க தாத்தாவின் தங்கை என்கிற உறவுக்காகப் போகவில்லை. உன்னைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம், மாசி மகத்தன்று கடற்கரையில் சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னால் அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "மில்லுக்காரி பேரன் மில்லுக்குத்தான் போவப் போறான், நடுவுல எதுக்கு அண்ணி இந்த வேஷம்?" அன்றைக்கு அவள் பச்சைப் புடவை கட்டியிருந்தாள். முந்தானையில் கிழிசல். எனக்கு எதுவும் மறக்காது.

அதனால் வாசலில் நின்றே சொன்னேன். "உன் பேரன் ராமலிங்கம் எட்டு வாங்கி ரெண்டு தடவ பெயிலாயி, முனிசிபாலிட்டி மேரி ஆபீசுல குமாஸ்தாவா குந்திக்கினு இருக்கான். எம் பேரன் அமெரிக்காவுல பதிமூணு. இந்தா, எடுத்துக்கோ." ராமலிங்கம் உள்ளே சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். அவன் காதில் விழட்டும் என்றுதான் உரக்கச் சொன்னேன்.

குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய். தலையில் துணி கட்டிக்கொள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

தையல்நாயகி


1960 பிப்ரவரி 14

ஆயா,

இதை நீ மட்டும் முதலில் படி.

என் பதின்மூன்று இங்கே பதின்மூன்று இல்லை. இந்த ஊர் வாத்தியார்கள் தாராளமாக மார்க்குப் போடுவார்கள். பதினெட்டு வாங்குகிறவன்தான் நல்ல மாணவன். பக்கத்தில் உட்காருகிற பையன் பதினாறு வாங்கிவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டபோது, இவனுக்கு ஏன் இவ்வளவு பேராசை என்று நினைத்தேன். நான் பதின்மூன்றை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அரையாண்டு முடிந்து முடிவுகள் வந்தன. இங்கே கடைசி மார்க்கு எண்ணாக வராது, எழுத்தாக வரும். ஏ என்றால் மிக நன்று, பி நன்று, சி சுமார். எனக்கு இரண்டு பாடத்தில் சி, ஒன்றில் பி. கீழ்ப்படிப்புக்காரனுக்கு சி வாங்கினால் பாஸ். மேற்படிப்புக்காரனுக்கு அப்படி இல்லை. எல்லாப் பாடமும் சேர்த்துச் சராசரி பி-க்குக் குறையக் கூடாது. குறைந்தால் புரொபேஷனில் போடுவார்கள். அதாவது, இன்னும் ஓர் அரையாண்டு விட்டுப் பார்ப்பார்கள். அதற்குள் சராசரி பி-க்கு ஏறாவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

டீன் ஆபீஸில் இதை எனக்கு ஒரு அம்மா, காது மந்தமானவனுக்குச் சொல்வதுபோல் நிதானமாக விளக்கினார். இந்த விதிகள் அச்சடித்த புத்தகத்தை முதல் நாளே கையில் கொடுத்திருந்தார்கள். படிக்கவும் படித்தேன். அது வேறு யாருக்காகவோ எழுதியது என்று நினைத்தேன்.

தெருவில் யாரிடமும் சொல்லாதே ஆயா. கேசரி கொடுத்தாய் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கலியமூர்த்தி


சாரம்
1960 மார்ச் 3

கலியமூர்த்திக்கு,

கொடுத்த கேசரியைத் திருப்பி வாங்க முடியுமா? எல்லாரும் தின்று செரித்துவிட்டார்கள்.

உங்கப்பனிடம் சொன்னேன். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுத் துடைக்க ஆரம்பித்தான். சுத்தமாக இருந்த சைக்கிள். நான் ஒரு வாரமாகக் கடைக்குப் பின்சந்து வழியாகப் போய் வருகிறேன். அப்படியும் செல்வாம்பாள் மடக்கிவிட்டாள். "பேரன்கிட்டேருந்து கடுதாசி வந்துதா அண்ணி?" என்றாள். "வந்துது, நல்லாயிருக்கான்" என்றேன். அது பொய்யில்லை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது உனக்கு.

நீ சோம்பேறி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்துப் பையன் பதினாறு வாங்கி அழுகிறான் என்றால், ஏன் அழுகிறான் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் உனக்கு. அது என்னிடமிருந்து வந்தது. அதற்காக என்னைச் சொல்லிக்கொள், படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

தையல்நாயகி


1960 ஜூன் 20

ஆயா,

இந்த அரையாண்டில் மூன்று பாடத்திலும் பி வாங்கினேன். தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். தப்பிக்கவில்லை. பி என்பது இருக்கிற மட்டத்தில் நிற்க வைக்குமே தவிர, பள்ளத்தை நிரப்பாது. முன்னால் வாங்கிய ஒவ்வொரு சி-க்கும் ஈடாக ஓர் ஏ வேண்டும். எனக்கு இரண்டு ஏ வேண்டியிருந்தது. ஒன்றுகூட இல்லை.

நீக்கிவிட்டோம் என்று கடிதம் வந்தது. படிப்பு கெட்டதற்கு மாணவன் கையில் இல்லாத காரணம் ஏதாவது இருந்தால், அதைச் சொல்லிக் கமிட்டிக்கு மனுப் போடலாம் என்று விதியில் இருக்கிறது. போட்டேன். என் தாவரவியல் புரொபசரும் எனக்காகப் பேசினார். செப்டம்பரிலிருந்து இன்னும் ஓர் அரையாண்டு கொடுத்திருக்கிறார்கள். இதுதான் கடைசி.

நீ உடம்பைப் பார்த்துக்கொள் ஆயா. வெயிலில் அலையாதே. வேளைக்குச் சாப்பிடு. உன்னைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

கலியமூர்த்தி


சாரம்
1960 ஜூலை 9

கலியமூர்த்திக்கு,

இன்னொரு தவணை கொடுத்தார்கள் என்பதில் சந்தோஷம். என்ன காரணம் சொன்னாய் என்று எழுதவில்லையே?

மில்லில் லீவு கேட்டால் மேஸ்திரி காரணம் கேட்பான். பாதிப் பேர் மாமியாரைச் சாகடிப்பார்கள். எங்களோடு வேலை பார்த்த ஆயம்மா ஒரே மாமியாரை மூன்று தடவை சாகடித்தாள். மூன்றாம் தடவை மேஸ்திரி, "இந்தத் தடவயாவது நல்லா எரிச்சுட்டு வா" என்றான். கையில் இல்லாத காரணம் என்று சொன்னாயே, உனக்கு அப்படி என்ன வந்தது? காய்ச்சலில் கிடந்தாயா? கிடந்திருந்தால் எனக்கு ஏன் எழுதவில்லை?

என் உடம்பைப் பற்றி இதுவரை நீ இவ்வளவு கேட்டதில்லை.

தையல்நாயகி


1960 டிசம்பர் 8

ஆயா,

ஐந்து மாதமாக உன் கேள்விக்குப் பதில் எழுதாமல் மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். இனி அப்படி ஓட்ட முடியாது.

என்னை வளர்த்த பாட்டி போன குளிர்காலத்தில் இறந்துவிட்டாள், கடைசியாக முகம் பார்க்கக்கூட ஊருக்குப் போக முடியவில்லை, அந்தத் துக்கத்தில் படிக்க முடியாமல் போயிற்று என்று மனுவில் எழுதினேன். எழுதும்போது நிஜமாகவே அழுதேன். அதை நினைத்தால்தான் இன்னும் கேவலமாக இருக்கிறது. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் நீ. வேறு யாரைச் சொன்னாலும் அவர்கள் அவ்வளவு நம்பியிருக்க மாட்டார்கள். ஆயம்மா கதையை நீ எழுதியிருந்ததைப் படித்த அன்று நான் அறையை விட்டு வெளியே வரவில்லை.

இப்போது புரொபசர் புதுச்சேரிக்கு வருகிறார். கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரர்களின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதே, அங்கே அவருக்கு ஜனவரி முதல் வாரம் வேலை. நம் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் துக்கம் விசாரித்தே தீருவேன் என்கிறார். வேண்டாம் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கூச்சப்படாதே என்று தோளில் தட்டுகிறார்.

கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். அன்று ஒருநாள் மட்டும் நீ கதிர்காமத்தில் குஞ்சம்மாள் சித்தி வீட்டுக்குப் போய் இரு. நான் புறப்படும் முன் ஸ்டுடியோவில் உன்னை ஒரு படம் எடுத்தோமே, அதை மாட்டி மாலை போடச் சொல். அதன் இன்னொரு பிரதி என் மேசையில் இருக்கிறது, அவர் பார்த்திருக்கிறார்.

தெரிந்தால் அன்றே என்னை நீக்கிவிடுவார்கள். இரண்டு ஏ வாங்க இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

உன் காலில் விழ இங்கிருந்து முடியவில்லை.

கலியமூர்த்தி


சாரம்
1961 ஜனவரி 10

கலியமூர்த்திக்கு,

உன் கடுதாசியைப் படித்து முடித்ததும் எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தேன். செத்தவளுக்குத் தாகம் எடுக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கப்பனிடம் சொன்னபோது அவன் இதுவரை போடாத சத்தம் போட்டான். "உசுரோட இருக்கிற அம்மா படத்துக்கு நான் மாலை போட மாட்டேன். அவன் திரும்பி வரட்டும். மில்லுல ஆள் எடுக்கறாங்க."

"மில்லுக்குப் போறதுக்கா அவன் கப்பல் ஏறினான்?" என்றேன்.

கதிர்காமத்துக்கு நான் போகவில்லை. குஞ்சம்மாளிடம் சொன்னால் மறுநாள் கோரிமேட்டு பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும். அதோடு, வருகிற துரையிடம் பேச இங்கே யாருக்கு பாஷை தெரியும்? தெருவில் ராமலிங்கம் ஒருத்தனுக்குத்தான். அவனைக் கூப்பிட வேண்டுமானால் செல்வாம்பாளிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

போய்ச் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று பாஸ் இல்லை என்பதிலிருந்து நான் செத்தது வரைக்கும் சொல்லி முடிக்கிறவரை முறத்தை நிறுத்தவில்லை. அப்புறம், "எத்தினி மணிக்கு வராரு அண்ணி அந்த தொர?" என்றாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

படத்துக்குச் சந்தனம் வைத்துச் சாமந்தி மாலையை நானே போட்டேன். ஆணி எட்டவில்லை. பக்கிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்டூலை மட்டும் பிடித்தான். போட்டுவிட்டு எதிர் வீட்டுக்குப் போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன்.

துரை நல்ல உயரம். வெயிலில் மூக்கு சிவந்து போயிருந்தது. யாரும் சொல்லாமல் அவராகவே பூட்ஸைக் கழற்றினார். குனிந்து உள்ளே போனார். படத்துக்கு முன்னால் நின்றது எனக்கு முதுகுப் பக்கம்தான் தெரிந்தது. நெடுநேரம் நின்றார். இந்தத் தெருவில் எவ்வளவோ சாவு பார்த்திருக்கிறேன். அப்படி அடக்கமாக யாரும் நின்றதில்லை. நிஜமாகச் செத்தால்கூட எனக்கு இப்படி ஒருத்தர் நிற்பாரா என்று தோன்றியது. இந்த மனுஷனையா ஏமாற்றுகிறோம் என்றும் தோன்றியது.

அவர் போன பிறகு ராமலிங்கம் வந்து சொன்னான். "பிரெஞ்சுல பேசினா புரியுது ஆயா அவருக்கு. எப்படிச் செத்தாங்கன்னு கேட்டாரு."

"நீ என்னடா சொன்ன?"

"வயசாயிடுச்சுன்னேன்."

"எனக்கு என்னடா அப்படி வயசாயிடுச்சு?"

செல்வாம்பாள் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து எத்தனையோ வருஷமாகிறது. சிரித்து முடித்ததும் ராமலிங்கத்தின் முகத்தைப் பார்த்தேன். இவனுக்குக் கேட்கட்டும் என்றுதானே எட்டு மார்க்கை உரக்கச் சொன்னேன். அவன் உனக்காக ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டு வந்து பொய் சொல்லியிருக்கிறான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "மோர் குடிக்கறியா?" என்றுதான் வந்தது.

உன்னை நான் மன்னிக்கவில்லை. எழுதி வைத்துக்கொள். ஆனால் செத்தது செத்தாயிற்று. அதை வீணாக்காமல் அந்த இரண்டு ஏ-யை வாங்கு.

தையல்நாயகி


1961 பிப்ரவரி 9

ஆயா,

இரண்டு ஏ, ஒரு பி. சராசரி சரியாக பி-யில் வந்து நிற்கிறது. புரொபேஷன் நீங்கியது, இனி முறையான மாணவன் என்று டீன் ஆபீஸிலிருந்து எழுதிவிட்டார்கள். இரவெல்லாம் விழித்து வாங்கிய மார்க்கு, ஆயா. அதில் பொய் இல்லை.

புரொபசர் திரும்பி வந்துவிட்டார். நேற்றுக் கூப்பிட்டு அனுப்பினார். நீ எனக்கு எழுதாத ஒன்றைச் சொன்னார். அவர் வெளியே வந்து ரிக்ஷாவில் ஏறும்போது, எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து ஓர் அம்மா ரிக்ஷாக்காரனைப் பார்த்துச் சத்தம் போட்டாராம். அவன் உடனே பேசிய கூலியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டானாம். அந்த ரிக்ஷாக்காரன் கொளஞ்சியாகத்தான் இருக்கும். அவனைத்தான் நீ அப்படித் திட்டுவாய்.

"அந்த முகம் உன் மேசையில் இருக்கும் படத்தின் முகம்போலவே இருந்தது. உன் பாட்டிக்குத் தங்கை உண்டா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

ஆமாம், சின்னப் பாட்டி என்று சொல்லிவிட்டேன். நல்ல குடும்பம் என்றார்.

கலியமூர்த்தி


சாரம்
1961 பிப்ரவரி 22

கலியமூர்த்திக்கு,

எனக்குத் தங்கச்சி கிடையாது.

என்னைக் கொன்றதைப் பொறுத்துக்கொண்டேன். இல்லாதவளைப் பிறக்க வைப்பதைப் பொறுக்க மாட்டேன்.

தையல்நாயகி


1961 ஏப்ரல் 2

ஆயா,

உன் கடுதாசி வந்த மறுநாள் புரொபசரிடம் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டு போனேன். அறைக்குள் நுழைந்ததும், "அது என் பாட்டிதான்" என்று மட்டும் வந்தது.

அவர் கோபித்துக் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். நெடுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றேன்" என்றார். அப்புறம், "கமிட்டிக்கு நீயே எழுது. நான் எழுத மாட்டேன்" என்றார். நான் வெளியே வந்தபோது அவர் தலை நிமிரவில்லை.

எழுதினேன். போன வாரம் முடிவு சொன்னார்கள். பொய்க் காரணம் காட்டி வாங்கிய தவணை செல்லாது. நீக்கிவிட்டார்கள். நான் வாங்கிய மார்க்கை மட்டும் அழிக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து வேண்டுமானால் மறுபடி விண்ணப்பிக்கலாமாம், எடுப்பதும் எடுக்காததும் அவர்கள் இஷ்டம். எடுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மே மாதக் கடைசியில் கப்பல் பம்பாய்க்கு வருகிறது. அங்கேயே வேலை ஏதாவது தேடிக்கொள்ளப் போகிறேன். ஊருக்கு வரவில்லை. அப்பாவுக்கு நீயே சொல்லிவிடு. நம் தெருவில் எப்படி நடப்பேன்? ராமலிங்கத்தின் எதிரில் எப்படி நிற்பேன்? என் பொய்யை அவன் வாயால் சொல்ல வைத்தேன், அதையும் வீணாக்கினேன்.

கலியமூர்த்தி


சாரம்
1961 ஏப்ரல் 19

கலியமூர்த்திக்கு,

பம்பாயில் உனக்கு யார் இருக்கிறார்கள்?

தெருவில் எப்படி நடப்பேன் என்று கேட்டிருந்தாய். அந்தக் கவலை உனக்கு வேண்டாம், நானே சொல்லிவிட்டேன். நேற்றுக் காலை குழாயடியில் எல்லாரும் இருக்கும்போது சொன்னேன். "எம் பேரன காலேஜுலேருந்து அனுப்பிட்டாங்க. மொதல்ல மார்க்கு கொறஞ்சுது. நான் கேசரி குடுத்தது தப்பு. அப்புறம் மார்க்கு எடுத்துட்டான். இப்ப அனுப்பினது பொய் சொன்னதுக்கு."

கன்னியம்மாள், "என்னா பொய்?" என்று கேட்டாள்.

"நான் செத்துட்டேன்னு" என்றேன்.

குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது, ஒருத்தியும் எடுக்கவில்லை. செல்வாம்பாள் மட்டும் என் குடத்தைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, "வா அண்ணி, போலாம்" என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, மூன்று மாதமாக விஷயம் தெரிந்தும் அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் மைக் வைத்துச் சொல்லியிருப்பேன். அவள் மேல் நான் வைத்திருந்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. உன் மேல் வைக்கிறேன். இடம் இருக்கிறது.

புரொபசர் தலை நிமிரவில்லை என்று எழுதியிருந்தாய். அதை நீ மறக்காதே. நானும் மறக்க மாட்டேன். அவர் விலாசத்தை அனுப்பு. ராமலிங்கத்தை பிரெஞ்சில் எழுதச் சொல்லி, நான் உயிரோடு இருக்கிறேன், என் வீட்டுக்குள் வந்து தலை குனிந்து நின்ற உங்களிடம் எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று என் பெயர் போட்டு அனுப்ப வேண்டும்.

ஆனால் அதைக் கேட்கத்தான் என்னால் அந்த வீட்டுப் படி ஏற முடியவில்லை. எட்டு மார்க்குக்காரன் என்று அவனைச் சொன்னேனே, அதற்கு இன்னும் நான் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு தடவை அவன் வாசல்வரை போய், குடிதண்ணீர் வந்ததா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நீ பம்பாயில் இறங்கி ரயிலேறு. உனக்கும் அவனிடம் சொல்ல வேண்டியது இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து போவோம். தனியாகப் போக எனக்குக் கால் வரவில்லை.

தையல்நாயகி